பென்சீனில் ஒளிந்திருக்கும் கந்தகம்

நைலான் இழையின் பூர்விகத்தைத் தேடி ஒருவர் பின்னோக்கிச் செல்வாரானால், அடிபிக் அமிலம், கேப்ரோலாக்டம் என்ற இடைநிலைப் பொருள்களைக் கடந்து, சைக்ளோஹெக்சேன் என்னும் நிறமற்ற திரவத்தையும், அதற்கும் அப்பால் பென்சீன் என்னும் இன்னொரு நிறமற்ற திரவத்தையும் சென்றடைவார். இவ்விரு திரவங்களுக்கும் இடையில் உள்ள வேற்றுமை, மூலக்கூறு ஒன்றுக்கு ஆறு ஹைட்ரஜன் அணுக்களே. பென்சீன் வளையத்தில் உள்ள ஆறு கார்பன் அணுக்களுக்கும் தலைக்கு ஒன்றாக ஹைட்ரஜனைச் சேர்த்துவிட்டால் சைக்ளோஹெக்சேன் கிடைத்துவிடும். ஒரு கிலோ பென்சீன் அவ்வாறு மாறும்போது வெளிப்படும் உஷ்ணமோ, பனிக்கட்டிபோல் குளிர்ந்த ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இத்தனை உஷ்ணத்தை வெளியிட்டுக்கொண்டு நிகழக்கூடிய ஒரு மாற்றம், இரு பொருள்களையும் ஒரே கலத்தில் அடைத்துச் சூடாக்கினால் மட்டும் நிகழ்ந்துவிடுவதில்லை. அவற்றுக்கு நடுவே கிரியா ஊக்கியாக ஓர் உலோகம் நிற்க வேண்டும். அவ்வுலோகத்தின் மேற்பரப்பு மாசற்றிருக்க வேண்டும். அது மாசற்றிருப்பதற்கு, அதன்மீது வந்து படியும் பென்சீன், சாதாரண இரசாயன நூல்களில் பரிசுத்தம் என்று சொல்லப்படும் அளவையும் மிஞ்சிய பரிசுத்தத்தோடு வர வேண்டும். ஹைட்ரஜனேற்றத்துக்கு முன்பாக நடந்தேற வேண்டிய அந்தச் சுத்திகரிப்பே இவ்வத்தியாயத்தின் பொருள்.

உலோகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரான்சு தேசத்தின் தெற்கே துலூஸ் நகரில் ஆசிரியராக இருந்த பால் சபாத்தியே, நிக்கல் உலோகம் கார்பன் மோனாக்சைடு வாயுவோடு நேராகக் கூடி ஆவியாகக்கூடிய ஒரு சேர்மத்தைத் தருகிறது என்று லுட்விக் மோண்டும் அவருடைய துணைவர்களும் 1890இல் வெளியிட்ட செய்தியால் கவரப்பட்டு, அவ்வுலோகம் வேறு வாயுக்களோடும் அப்படி உறவு கொள்ளுமா என்று தேடத் தொடங்கினார். சாந்தரான்ஸ் என்ற பாதிரியாரின் துணையோடு அவர் நடத்திய பரிசோதனைகளில், எத்திலீனும் ஹைட்ரஜனும் நிக்கல் தூளின்மேல் எளிதாகக் கூடி ஈத்தேனாவது 1897இல் தெரியவந்தது. 1901இல் பென்சீன் ஆவியும் சுமார் 180 டிகிரி செல்சியஸில் அதே தூளின்மேல் ஹைட்ரஜனை ஏற்றுச் சைக்ளோஹெக்சேன் ஆயிற்று. அதுவரை கடுமையான வழிகளால் அரைகுறையாகச் சாதிக்கப்பட்டுவந்த ஒரு காரியம், ஒரு கண்ணாடிக் குழாயும் சிறிது நிக்கலும் இருந்தால் நடந்துவிடுவதாயிற்று. 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்குக் காரணம் இதுவே. ஆனால் அதே சபாத்தியே, தம் நிக்கல் எவ்வளவு எளிதில் நோய்ப்படுகிறது என்பதையும் மறைக்காமல் எழுதிவைத்தார்: கந்தகம், குளோரின், புரோமின் இவற்றின் சுவடு பட்டால்கூட அது செயலிழந்துவிடுகிறது, பென்சீனில் தயோபீன் என்னும் பொருள் சற்றே கலந்திருந்தாலும் ஹைட்ரஜனேற்றம் நின்றுபோகிறது. ஒரு கண்டுபிடிப்பின் மகிமையைச் சொல்லும் அதே மூச்சில் அதன் பலவீனத்தையும் சொன்ன அந்த நேர்மைக்குப் பின்னால் வந்த தொழில்துறை முழுவதும் கடன்பட்டிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

கிரியா ஊக்கிக்கு விஷம் உண்டு என்ற எண்ணம் சபாத்தியேக்கும் முற்பட்டது. பிளாட்டினத் தகட்டின்மேல் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடுவதை ஆராய்ந்த மைக்கேல் பாரடே, சில வாயுக்கள் சிறிதளவு கலந்தாலும் அச்சேர்க்கை தடைப்படுவதை 1834லேயே குறித்திருக்கிறார். அந்நூற்றாண்டின் இறுதியில், பிளாட்டினத்தைக் கொண்டு கந்தக அமிலம் தயாரிக்க முற்பட்ட ஜெர்மனியின் பாஸ்ஃப் தொழிற்சாலையில், பிளாட்டினம் நாளடைவில் சோர்ந்துபோவதற்குக் கந்தகத் தாதுவை வறுக்கும்போது உடன் எழும் ஆர்செனிக்கே காரணம் என்று ருடால்ப் நீச் கண்டு, வாயுவைக் கழுவித் தூய்மையாக்கிய பிறகே அத்தொழில் நிலைபெற்றது. இத்தகைய நிகழ்ச்சிகளில் விஷம் அந்நியமானது, தூசியாகவோ புகையாகவோ வந்து சேர்வது, கழுவினால் போய்விடுவது. பென்சீனின் விஷயம் அப்படிப்பட்டதன்று. அதன் விஷம் அதனோடு கூடவே பிறந்து, அதன் சாயலையே கொண்டு, அதனுள்ளேயே மறைந்திருக்கிறது. அது மறைந்திருந்த கதை சற்று விரிவாகச் சொல்லத்தக்கது.

பென்சீனை முதன்முதலில் பிரித்தெடுத்தவரும் பாரடேயே. இலண்டனில் விளக்கெரிக்கப் பயன்பட்ட எண்ணெய் வாயுவை அழுத்தி அடைத்த கலங்களின் அடியில் தங்கிய திரவத்திலிருந்து 1825இல் அவர் அதைப் பெற்றார். சில ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானியரான மிட்சர்லிக், நம் வீடுகளில் புகையிடும் சாம்பிராணி வகைப் பிசினிலிருந்து கிடைக்கும் பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்போடு காய்ச்சி வடித்து அதே பொருளை அடைந்தார். ஆனால் இவை ஆய்வுக்கூடத்து வழிகள். நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கோக்காக்கும்போது வடியும் தாரில் பென்சீன் ஏராளமாக உண்டு என்பதையும், அதைக் காய்ச்சி வடித்துப் பிரிக்கும் முறையையும் 1840களின் கடைசியில் சார்லஸ் மான்ஸ்பீல்ட் என்ற ஆங்கிலேய இளைஞர் நிறுவிய பிறகே, அது பீப்பாய்க் கணக்கில் கிடைக்கலாயிற்று. 1855இல், பாரிஸ் பொருட்காட்சிக்காகப் பென்சீனை வடித்துக்கொண்டிருந்தபோது, பொங்கி வழிந்த திரவம் தீப்பற்றியதால் அவர் உயிரிழந்தார். சாய உற்பத்தியும் மருந்து உற்பத்தியும் அவர் காட்டிய வழியில் வளர்ந்தன. உலகத்தின் பென்சீன் ஏறக்குறைய அனைத்தும் கரித்தாரிலிருந்தே வந்துகொண்டிருந்த அக்காலத்தில், அதில் இன்னொரு பொருள் கலந்திருக்கிறது என்று யாரும் ஐயுறவில்லை.

1879இல் அடால்ப் பேயர், பென்சீனோடு இசாட்டின் என்ற பொருளையும் அடர்ந்த கந்தக அமிலத்தையும் சேர்த்துக் குலுக்கினால் ஆழ்ந்த நீல நிறம் தோன்றுவதைக் கண்டிருந்தார். இது பென்சீனுக்கே உரிய அடையாளச் சோதனை என்று இரசாயனிகள் ஏற்றுக்கொண்டனர். சூரிச் நகரத்துப் பாலிடெக்னிக்கில் பேராசிரியராக இருந்த விக்டர் மேயர், 1882இல் தம் மாணவர்களுக்கு முன் இச்சோதனையைச் செய்துகாட்ட முனைந்தார். நீலம் வரவில்லை. வகுப்பறையில் ஒரு சோதனை பிசகிவிட்டால், குப்பியைக் குறைசொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்வதுதான் பெரும்பாலோர் வழக்கம். மேயர் அவ்வாறு செல்லவில்லை. அவருடைய உதவியாளராக இருந்தவர் டிராவ்கோட் சாண்ட்மேயர் என்பவர். கருவிகள் செய்யும் கைத்தொழிலில் பயின்று, பிற்காலத்தில் தம் பெயராலேயே வழங்கும் ஓர் இரசாயன வினையைக் கண்டுபிடித்தவர். அன்று வழக்கமான கரித்தார்ப் பென்சீன் தீர்ந்துபோயிருந்தமையால், பென்சாயிக் அமிலத்திலிருந்து தயாரித்த பென்சீனை எடுத்துத் தந்ததாக அவர் சொன்னார்.

அந்த விடையில் அடங்கியிருந்த சூட்சுமத்தை மேயர் உடனே பிடித்துக்கொண்டார். நீலம் தருவது பென்சீனானால், பென்சாயிக் அமிலத்திலிருந்து வந்த பென்சீனும் அதைத் தந்திருக்க வேண்டும், தரவில்லை. ஆகவே நீலம், கரித்தார்ப் பென்சீனோடு மாத்திரம் சேர்ந்துவரும் வேறு எதற்கோ உரியது. கரித்தார்ப் பென்சீனைக் கந்தக அமிலத்தோடு நெடுநேரம் குலுக்கியபின் அதுவும் நீலம் தருவதை நிறுத்திவிட்டது. அப்படியானால் அந்த வேறு பொருள் அமிலத்துக்குள் போயிருக்க வேண்டும். அமிலத்திலிருந்து அதை மீட்டெடுத்தபோது, நான்கு கார்பன் அணுக்களும் ஒரு கந்தக அணுவும் சேர்ந்த ஐங்கோண வளையமுடைய ஒரு திரவம் கிடைத்தது, அதுவே தயோபீன். கரித்தார்ப் பென்சீனில் அது நூற்றுக்கு அரைப் பங்கு வரை இருந்தது. பரிசுத்தமென்று விற்கப்பட்ட பென்சீனில் முப்பதாண்டுகளுக்கும் மேலாக இவ்வளவு பெரிய அளவில் ஒரு பொருள் மறைந்திருந்ததும், பென்சீனின் அடையாளம் என்று கற்பிக்கப்பட்ட சோதனையே உண்மையில் அந்த மறைந்த பொருளின் அடையாளமாக இருந்ததும், இரசாயன வரலாற்றில் மிக அபூர்வமான நிகழ்ச்சிகள்.

ஏன் அது அவ்வளவு காலம் அகப்படவில்லை? பென்சீன் 80 டிகிரியில் கொதிக்கிறது. தயோபீன் 84 டிகிரியில் கொதிக்கிறது. அரைச் சதவீதமே உள்ள ஒன்றை, நான்கு டிகிரி இடைவெளியைக் கொண்டு, தொழிற்சாலை அளவில் காய்ச்சி வடித்து அடியோடு நீக்க முயல்வது பெரும் எரிபொருள் செலவையும் மிக உயர்ந்த கோபுரங்களையும் வேண்டுவது. அப்போதும் சுவடு எஞ்சும். உறையவைத்துப் பிரிக்கலாமே என்றால், பென்சீன் படிகமாகும்போது தயோபீன் மூலக்கூறுகளும் அப்படிகத்திலேயே இடம்பிடித்துக்கொண்டு கலப்புப் படிகமாக அமைந்துவிடுகின்றன. இரண்டு வளையங்களும் தட்டையானவை, பருமனில் ஏறக்குறைய ஒத்தவை. பென்சீனின் இரு கார்பன் அணுக்கள் நின்ற இடத்தை ஒரே கந்தக அணு நிரப்புகிறது என்பதே அவற்றின் அமைப்பில் உள்ள பேதம். அரிசியில் கலந்த கல்லை நீரில் அரித்துப் பிரிக்கிறோம், கல் அரிசியைவிடக் கனமானது என்பதால்; கல்லும் அரிசியின் எடையையும் வடிவத்தையும் கொண்டிருந்தால் அரிப்பதில் பயன் என்ன?

நிக்கலுக்கு மட்டும் இவ்விரண்டும் ஒன்றல்ல. பென்சீன் அதன் மேற்பரப்பில் வந்து படுத்து, ஹைட்ரஜனை ஏற்று, சைக்ளோஹெக்சேனாகி எழுந்து போய்விடுகிறது. அது விட்டுச்சென்ற இடம் அடுத்த மூலக்கூறுக்குக் கிடைக்கிறது. தயோபீனும் வந்து படிகிறது. ஆனால் அதன் கந்தக அணுவில், வேறெந்த அணுவோடும் பிணைப்பில் ஈடுபடாத எலெக்ட்ரான் இணை ஒன்று உண்டு. அவ்விணையைக் கொண்டு அது நிக்கலைப் பற்றிக்கொள்கிறது. பிறகு வளையம் உடைந்து, கார்பன் பகுதி ஹைட்ரஜனேற்றம் பெற்று நீங்கினாலும், கந்தகம் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. ஹைட்ரஜனேற்றம் நடைபெறும் 200 டிகிரி அளவிலான உஷ்ணத்தில் அதைப் பெயர்த்தெடுக்க ஹைட்ரஜனாலும் இயலாது. எலெக்ட்ரான் இணையே விஷத்தின் கொடுக்கு என்ற இவ்விளக்கத்தை நிறுவியவர், இங்கிலாந்தில் பல ஆண்டுகள் கிரியா ஊக்கிகளின் விஷங்களையே ஆராய்ந்துவந்த மாக்ஸ்டெட் என்பவர். கந்தகத்தின் எலெக்ட்ரான் இணைகள் அனைத்தும் ஆக்சிஜனோடு பிணைந்துபோன சல்பேட்டு போன்ற சேர்மங்கள் விஷமாவதில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். கந்தகம் இருப்பது மாத்திரம் கேடு விளைவிப்பதில்லை; அதன் கை வெறுமையாக இருக்கும்போதுதான் கேடு விளைகிறது.

இக்கேட்டின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு கிராம் நிக்கல் கிரியா ஊக்கியில், வினைக்கு உதவும் உட்பரப்பு இருபது சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்பரப்பில் வெளித்தெரியும் நிக்கல் அணுக்களில் இரண்டுக்கு ஒன்றாகக் கந்தகம் வந்து உட்கார்ந்துவிட்டால் அது செத்துவிட்டது என்றும் கொள்வோம். அதற்குத் தேவையான கந்தகம் எட்டு மில்லிகிராம். நூற்றுக்கு அரைப் பங்கு தயோபீன் உள்ள பென்சீனில் எவ்வளவு எடுத்தால் இந்த எட்டு மில்லிகிராம் கிடைத்துவிடும் என்று பார்த்தால், நான்கு கிராமுக்குச் சற்று அதிகம். அதாவது ஒரு தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டிப் பென்சீன் கடந்துசென்றதும் ஒரு கிராம் நிக்கல் அழிந்துபோகும். கந்தகத்தைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் அதே நிக்கல் எட்டுக் கிலோ பென்சீனைத் தாங்கும். அதையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் எண்பது கிலோவைத் தாங்கும். தொழிற்சாலையில் ஒரு கிலோ நிக்கல் டன் டன்னாகப் பென்சீனை மாற்றித் தந்தால்தான் கட்டுபடியாகும். ஆகவே, பென்சீனில் உள்ள கந்தகம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும் என்று சைக்ளோஹெக்சேன் தொழிற்சாலைகள் வற்புறுத்துவது, செலவுக் கணக்கிலிருந்து நேராகப் பிறக்கும் கட்டாயம்.

தயோபீனை நீக்குவதற்கு முதலில் கைக்கொள்ளப்பட்ட வழி, மேயர் காட்டிய வழியே. அடர்ந்த கந்தக அமிலத்தால் பென்சீனைக் கழுவினால், பென்சீனைவிடத் தயோபீன் விரைந்து அமிலத்தோடு கூடி அதனுள் போய்விடுகிறது. கோக் உலைகளை ஒட்டி அமைந்த பென்சால் எனப்படும் பச்சைப் பென்சீனை எடுக்கும் சாலைகளில் நெடுங்காலம் இம்முறையே வழங்கிற்று. ஆனால் அமிலம் தயோபீனோடு நிற்பதில்லை. பென்சீனையும் ஓரளவு பற்றிக்கொள்கிறது. கலந்துள்ள நிறைவுறாத சேர்மங்களைக் கெட்டிப்படுத்திப் பிசினாக்குகிறது. இறுதியில், அமிலமும் தாரும் பிசினும் குழம்பிய கருஞ்சேறு ஒன்று மிஞ்சுகிறது. அச்சேற்றை ஆற்றிலும் கொட்டக்கூடாது, நிலத்திலும் புதைக்கக்கூடாது. எரித்தால் கந்தக வாயு எழும். விஷத்தை ஒரு பொருளிலிருந்து நீக்கி ஊரின்மேல் இறக்கிவைக்கும் இம்முறையைச் சுத்திகரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மாற்று வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நிலக்கரியை ஹைட்ரஜனோடு உயர்ந்த அழுத்தத்தில் சேர்த்துத் திரவ எரிபொருளாக்கும் பெர்கியுஸ் என்பவரின் யோசனையைத் தொழிலாக்க முனைந்த ஜெர்மானியர்கள், 1920களில் ஒரு முட்டுக்கட்டையைச் சந்தித்தார்கள். நிலக்கரியில் கந்தகம் எப்போதும் உண்டு. டன் டன்னாக வரும் கரியை முன்கூட்டியே கந்தகமற்றதாக்குவதும் முடியாத காரியம். அவர்களுள் மத்தியாஸ் பியரும் அவருடைய குழுவினரும் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். கந்தகத்தைக் கண்டு அஞ்சும் கிரியா ஊக்கியைக் காப்பாற்றுவது எப்படி என்று கேட்பதை விடுத்து, கந்தகத்துக்கு நடுவிலேயே உயிர்வாழும் கிரியா ஊக்கி ஏது என்று தேடினார்கள். மாலிப்டினம், டங்ஸ்டன் ஆகிய உலோகங்களின் சல்பைடுகள் அவ்வாறு வாழ்வதைக் கண்டார்கள். முன்பே கந்தகத்தோடு கூடிவிட்ட ஒரு பொருளுக்குக் கந்தகம் விஷமாக முடியாது அல்லவா! லாய்னா நகரத்தில் 1927இல் இயங்கத் தொடங்கிய கரி ஹைட்ரஜனேற்றச் சாலை இத்தகைய ஊக்கிகளைக் கொண்டே வளர்ந்தது. பின்னர் பெட்ரோலியத் தொழிலிலும் கோக் உலைப் பென்சீனிலும், அலுமினா உருண்டைகளின்மேல் கோபால்ட்டும் மாலிப்டினமும் ஏற்றிய கிரியா ஊக்கி நிலைபெற்றுவிட்டது.

இதன் அடிப்படைக் கருத்து எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுகிறது. பென்சீனிலிருந்து தயோபீனைப் பிரிக்க முடியாமைக்குக் காரணம் அவற்றின் ஒற்றுமை. அவ்வொற்றுமையை ஒழித்துவிட்டால் பிரிப்பது தானாகவே எளிதாகிவிடும். கோபால்ட் மாலிப்டினத்தின்மேல் ஒரு தயோபீன் மூலக்கூறு நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளோடு கூடும்போது, அது பியூட்டேன் என்னும் வாயுவாகவும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவாகவும் பிளந்துவிடுகிறது. 84 டிகிரியில் கொதித்த திரவம் போய், அறையின் உஷ்ணத்திலேயே வாயுவாக நிற்கும் இரண்டு பொருள்கள் வந்துவிட்டன. பென்சீனைக் குளிர்வித்துத் திரவமாக்கினால் அவற்றின் பெரும்பகுதி தானே பிரிந்து போகும். கரைந்து எஞ்சியதை வடித்து நீக்கலாம். பிரிக்க முடியாததைப் பிரிக்கப் போராடுவதை விட்டு, அதைப் பிரியக்கூடிய வேறொன்றாக மாற்றுவது. இதுவே கிரியா ஊக்கிச் சுத்திகரிப்பின் உயிர்நிலை.

நடைமுறையில் இது ஒரே படியில் முடிவதில்லை. கோக் உலையிலிருந்து வரும் பச்சைப் பென்சாலில் ஸ்டைரீன், சைக்ளோபென்டாடையீன் போன்ற நிறைவுறாத சேர்மங்கள் உண்டு. அவற்றை நேராக 350 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகிக் குழாய்களை அடைத்துவிடும். ஆகவே முதலில் மிதமான உஷ்ணத்தில், மற்றொரு கலத்தில், அவற்றுக்கு மட்டும் ஹைட்ரஜனை ஊட்டிச் சாந்தப்படுத்த வேண்டும். பிறகே 300 முதல் 400 டிகிரி வரையிலான உஷ்ணத்தில், காற்றழுத்தத்தைப்போல் பல பத்து மடங்கு அழுத்தத்தில், தயோபீன் பிளக்கப்படும் இரண்டாம் கலம். அதே ஹைட்ரஜன் பென்சீன் வளையத்தையும் பற்றிவிடாதா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். மாலிப்டினம் சல்பைடு, நிக்கலைப்போல் வளையங்களை வேகமாக நிரப்பும் ஆற்றல் கொண்டதன்று என்பது ஒரு விடை. அதைவிட உறுதியான விடை இயற்கையின் சமநிலையில் உள்ளது: பென்சீன் ஹைட்ரஜனை ஏற்பது உஷ்ணத்தை வெளியிடும் வினையாதலால், உஷ்ணம் உயர உயரச் சமநிலை பென்சீனின் பக்கமே சாய்கிறது. நிக்கல் கலத்தில் 200 டிகிரியில் முழுமையாக நடைபெறும் மாற்றம், இக்கலத்தின் உஷ்ணத்தில் பெரிதும் தடைப்பட்டுவிடுகிறது. தயோபீன் பிளப்புக்கு அத்தகைய தடை ஏதும் இல்லை. உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் அளந்து வைப்பதில்தான், விஷத்தை அழித்துப் பென்சீனைக் காக்கும் சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது.

எஞ்சும் ஹைட்ரஜன் சல்பைடின் சுவடுகளைத் துத்தநாக ஆக்சைடுப் படுகை ஒன்று ஏற்றுக்கொள்கிறது. ஆக்சைடு சல்பைடாக மாறி, தண்ணீர் ஆவி வெளிப்படுகிறது. இப்படுகை தயோபீனை நேராகத் தொட இயலாதது. ஹைட்ரஜன் சல்பைடாகிவிட்ட கந்தகத்தையோ சிறிதும் விடாமல் பிடித்துக்கொள்வது. முன்னவன் மாற்றித்தர, பின்னவன் பற்றிக்கொள்ளும் இந்தக் கூட்டுறவு, பென்சீனில் மட்டுமின்றி, உரத் தொழிற்சாலைகளில் இயற்கை வாயுவைச் சீர்திருத்தும் இடங்களிலும் இன்று சகஜமாகக் காணப்படுகிறது.

இந்தக் கிரியா ஊக்கியின் உள்ளே என்ன நிகழ்கிறது என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. மாலிப்டினம் சல்பைடு, கந்தகத் தளங்கள் இரண்டுக்கு நடுவே மாலிப்டினத் தளம் ஒன்று என்ற முறையில் அமைந்த மெல்லிய ஏடுகளாக இருக்கிறது. ஏட்டின் பரந்த முகத்தில் வினை நடப்பதில்லை; ஓரங்களில்தான் நடக்கிறது. கோபால்ட் அணுக்கள் அவ்வோரங்களில் வந்து குடியேறுவதாலேயே வினை விரைகிறது என்பதை, டென்மார்க்கின் டாப்ஸோ ஆய்வுக்கூடத்தினர் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் மாஸ்பாயர் நிறமாலையைக் கொண்டு நிறுவினர். 2000ஆம் ஆண்டில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, துருவிச் செல்லும் நுண்ணோக்கியின் உதவியால், தங்கத்தின்மேல் வளர்த்த மாலிப்டினம் சல்பைடு ஏடுகளை அணுவணுவாகப் படமெடுத்தனர். முக்கோண வடிவான ஏடுகளும் அவற்றின் பளிச்சிடும் ஓரங்களும் பிரத்தியட்சமாயின. ஓரத்திலுள்ள கந்தக அணு ஒன்றை ஹைட்ரஜன் பெயர்த்தெடுக்கும்போது அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. தயோபீன் தன் எலெக்ட்ரான் இணையை நீட்டி அவ்வெற்றிடத்தில் வந்து பொருந்துகிறது. அதன் கந்தகம் அங்கே நின்றுவிட, கார்பன் பகுதி விடுபட்டுப் போகிறது. பிறகு அக்கந்தகமும் ஹைட்ரஜன் சல்பைடாக நீங்க, வெற்றிடம் மீண்டும் திறக்கிறது. நிக்கலை எந்தக் கை பற்றிக் கொன்றதோ, அதே கையைப் பிடித்துத்தான் இங்கே தயோபீன் உடைக்கப்படுகிறது. நிக்கலில் நிரந்தரமாகத் தங்கிவிடும் கந்தகம் இங்கே வந்து போகும் விருந்தாளியாக இருக்கிறது. இதைவிட வியப்பானது ஒன்றும் உண்டு: கந்தகம் அறவே இல்லாத திரவத்தை இவ்வூக்கியின்மேல் நெடுநாள் ஓடவிட்டால், அது தன் சல்பைடு நிலையைப் படிப்படியாக இழந்து திறமை குன்றிவிடுகிறது. அதனாலேயே, ஆக்சைடாக நிரப்பப்படும் இவ்வூக்கியை வேலைக்கு வைக்கும் முன் கந்தகச் சேர்மம் ஒன்றை ஊட்டிப் பழக்குகிறார்கள்.

பென்சீன் மட்டும் தூயதாக வந்தால் போதாது. அதோடு சேரும் ஹைட்ரஜனும் தூயதாக வர வேண்டும். இயற்கை வாயுவிலிருந்தோ பெட்ரோலியத்தின் இலேசான பகுதியாகிய நாப்தாவிலிருந்தோ தயாராகும் ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு எஞ்சி நிற்கும். அதுவும் எலெக்ட்ரான் இணையை நீட்டி நிக்கலைப் பற்றும் குணமுடையது. இதற்கும் மாற்றும் உபாயமே கைகொடுக்கிறது. கார்பன் மோனாக்சைடு சுமார் 300 டிகிரியில் நிக்கலின்மேல் ஹைட்ரஜனோடு கூடி மீத்தேனாகிவிடுகிறது. மீத்தேனுக்கு நீட்டுவதற்குக் கை இல்லை, ஆகவே அது தீங்கற்றது. இவ்வினையை 1902இல் கண்டுபிடித்தவர்களும் சபாத்தியேயும் சாந்தரான்ஸுமே.

கந்தக விஷத்துக்கு, நம் நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் வனஸ்பதி. தாவர எண்ணெயை நிக்கலின்மேல் ஹைட்ரஜனேற்றி உறையச்செய்யும் அத்தொழிலிலும், கடுகுக் குடும்பத்து எண்ணெய்கள் மற்றவற்றைவிட வினைக்கு வருவதில் மந்தமாக இருப்பதுண்டு. அவ்வித்துகளின் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் எண்ணெயில் சிறிது தங்கிவிடுவதே அதற்கு ஏது. உணவுப் பொருளில் 350 டிகிரி உஷ்ணத்தை நினைக்கவும் முடியாதாகையால், அங்கே வெளுக்கும் மண்ணும் ஆவியால் வாசனை நீக்குதலும் போன்ற மென்மையான வழிகளையே நாட வேண்டியிருக்கிறது. மீண்டும் பென்சீனுக்கு வருவோம். இன்றைய பென்சீனில் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கிறது. அங்கே நாப்தா, அதைப் பென்சீனாக்கும் பிளாட்டினக் கலத்துக்குள் நுழையும் முன்பே இதே கோபால்ட் மாலிப்டினத்தால் கந்தகம் நீக்கப்பட்டுவிடுவதால், தயோபீன் பிரச்சினை பிறக்குமுன்பே தீர்ந்துவிடுகிறது. இரும்பு உருக்கும் நாடுகளில் கோக் உலைகள் எரியும்வரை கரித்தார்ப் பென்சீனுக்கு இச்சுத்திகரிப்பு வேண்டியிருக்கும்.

கரித்தாரின் இன்னொரு குழந்தையான நாப்தலீன், அதாவது துணிப்பெட்டியில் நாம் இடும் அந்துருண்டையின் பொருள், இதே நோயை இன்னும் கடுமையாக அனுபவிக்கிறது. அதனுள் மறைந்திருப்பது தயோநாப்தீன். பென்சீன் வளையமும் தயோபீன் வளையமும் ஒட்டிப் பிறந்த சேர்மம். நாப்தலீன் 218 டிகிரியில் கொதிக்க, தயோநாப்தீன் 221 டிகிரியில் கொதிக்கிறது. இடைவெளி மூன்றே டிகிரி. இவையும் கலப்புப் படிகமாகச் சேர்ந்து உறைகின்றன. முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி ஜெர்மனியில் நாப்தலீனை ஹைட்ரஜனேற்றி டெட்ராலின் என்னும் கரைப்பானைத் தயாரித்த கியோர்க் ஷ்ரோட்டர், உருகிய நாப்தலீனைச் சோடியம் உலோகத்தோடு சேர்த்துக் கந்தகத்தை நீக்கினார். அது பயன் தந்தது. ஆனால் சோடியம் விலையுயர்ந்தது, ஈரம் பட்டால் தீப்பற்றுவது, ஒருமுறை பயன்பட்டபின் மீளாதது.

சல்பைடு ஊக்கியை இங்கே கொண்டுவந்தால், பென்சீனில் எழாத ஒரு சிக்கல் எழுகிறது. நாப்தலீனின் இரு வளையங்களில் ஒன்று, பென்சீனைவிட எளிதாக ஹைட்ரஜனை ஏற்கக்கூடியது. ஆகவே தயோநாப்தீனை எத்தில் பென்சீனாகவும் ஹைட்ரஜன் சல்பைடாகவும் பிளக்கும்போதே, நாப்தலீனில் ஒரு பகுதியும் டெட்ராலினாக மாறிவிடும். நாப்தலீனை நாப்தலீனாகவே விற்க வேண்டிய ஒருவருக்கு இது நஷ்டம். அவர் அழுத்தத்தைக் குறைத்தும் ஹைட்ரஜனை அளந்தும் வினையைக் கட்டுப்படுத்த வேண்டும். டெட்ராலினையோ, இரு வளையங்களும் நிரம்பிய டெக்கலினையோ விரும்புகிறவருக்கு நஷ்டமே இல்லை; சுத்திகரிக்கும் கலத்தில் சேர்ந்த ஹைட்ரஜன் அடுத்த கலத்தில் சேர வேண்டிய ஹைட்ரஜனின் முன்பணமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட சாலையில் சல்பைடுக் கலத்தைச் சற்று உயர்ந்த அழுத்தத்தில் துணிந்து ஓட்டி, நாப்தலீனின் ஒரு பகுதியை அங்கேயே டெட்ராலினாக்கிக்கொண்டு, ஹைட்ரஜன் சல்பைடை வடித்து நீக்கி, துத்தநாக ஆக்சைடைக் காவல் வைத்து, கந்தகமற்ற கலவையை நிக்கலிடம் அனுப்பலாம். இரண்டாவது வளையத்தையும் நிரப்பி டெக்கலினாக்கும் கடினமான வேலையை, விஷத்தின் பயமின்றி, அது அங்கே செய்துமுடிக்கும்.